முதலிடம் வாங்கிய காற்று

மார்ச் 4

இன்றும் ரவுண்ட்ஸில் சின்ன டாக்டர் கேட்டார், "எப்படிம்மா விழுந்தீங்க?" இன்றும் சொன்னேன், "ஒட்டடை அடிக்கும்போது."

ஒட்டடைக்கும் எனக்கும் உள்ள சிநேகம் எப்படிப்பட்டது என்று எங்கள் வீட்டுக் கூரையைக் கேட்டால் சொல்லும். உண்மை வேறு. பக்கத்து வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு போனவள், பெட்டியோடு திரும்பி வந்து இறங்குகிற சத்தம் கேட்டது. மதிலுக்கு மேலே எட்டிப் பார்க்க நாற்காலிமேல் முக்காலி போட்டு ஏறினேன். தொடை எலும்பு போயிற்று. மருமகளையும் பார்க்கவில்லை, பெட்டியையும் பார்க்கவில்லை. எலும்பைவிட அந்த வலிதான் அதிகம்.

இப்போது என் கால் ஒரு கயிற்றில், கயிறு ஒரு சக்கரத்தில், சக்கரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு எடைக்கல். எழுந்து நடக்க இன்னும் பல வாரம் ஆகுமாம். கைக்கு எட்டுகிற தூரம்தான் என் ராஜ்ஜியம். காதுக்கு எட்டுகிற தூரம் அதைவிடப் பெரிது, அது ஒரு ஆறுதல்.

ஆறு கட்டில். ஆறு பெண்கள், எல்லாருக்கும் எலும்பு. வாசல் பக்கம் ஹெட்மிஸ்ட்ரஸ். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், மற்றவர்களுக்கு ஓய்வு கொடுக்காதவர். எதிரே ஒரே ஸ்கூட்டரில் விழுந்த அக்காவும் தங்கையும். யார் ஓட்டியது என்பதில் இன்னும் தீர்ப்பு வரவில்லை. மூலையில் கொட்டாவி அம்மா. அவர் ஒன்று விட்டால் அது வார்டு முழுக்கச் சுற்றிவிட்டு அவரிடமே திரும்பும். அப்புறம் நான். என் பக்கத்தில் தையல்காரி.

தையல்காரிக்குக் கணுக்காலுக்கு மேலே எலும்பு உடைந்து, உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள். ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுப்பவள். அவள் காலில் போட்ட தையல் மட்டும் ஒட்டுவேனா என்கிறது.

மார்ச் 5

வீட்டுக்காரர் வந்தார். "வீடு எப்படி இருக்கு?" என்றேன். "அமைதியா இருக்கு" என்றார். இருபத்தெட்டு வருஷத்தில் இந்த மனிதர் என்னிடம் பேசியது கொஞ்சம். ஆனால் எந்தச் சொல்லை எங்கே வைத்தால் குத்தும் என்று நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்.

பக்கத்து வீட்டு மருமகள் கதை என்ன ஆயிற்று என்று கேட்டேன். "கவனிக்கலை" என்றார். கண் இருந்து என்ன பயன்?

மார்ச் 7

பெரிய டாக்டர் வந்து தையல்காரியின் கட்டைப் பிரித்தார். திரைச்சீலை இழுத்திருந்தார்கள். திரைச்சீலை கண்ணுக்குத்தான் தடை.

"இன்னும் கசியுதேம்மா. மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேன். காயலைன்னா திரும்பத் திறக்கணும். கிருமி எலும்புக்குள்ள போயிட்டா தகட்டையே எடுக்க வேண்டியிருக்கும்."

"எடுத்துட்டா நடக்கலாமா சார்?"

"அதை அப்ப பாக்கலாம்."

அவர் போனபிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். "அந்தக் காலாலதான் அக்கா மெஷின் மிதிப்பேன்" என்றாள். அழவில்லை. ஏதோ வாடிக்கையாளரிடம் துணி பத்தாது என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

பிறகு பவுடர் டப்பாவை எடுத்துப் போர்வைமேல் தட்டிக்கொண்டாள். "வாடை அடிக்குதா அக்கா?"

"எனக்கென்ன தெரியும், எனக்கு ஜலதோஷம்" என்றேன்.

ஜலதோஷம் வந்து மூக்கடைத்தவள் என்ற பொய்யை இனி நான் வீட்டுக்குப் போகும்வரை காப்பாற்ற வேண்டும். நடுநடுவே உறிஞ்சிக்கொள்கிறேன்.

அவள் தலைக்கு நேர்மேலே ஏசியின் வாய். கூரையில் ஒரு சதுரத் துளை, அதில் கம்பித் தடுப்பு. ஓட ஆரம்பித்தால் கறுப்புப் பொடி உதிர்கிறது. அவளுடைய வெள்ளைப் போர்வையில் மிளகு தூவின மாதிரி இருக்கும். சில நாள் ஒன்றிரண்டு சொட்டுத் தண்ணீர் வேறு. தட்டிவிட்டுத் தட்டிவிட்டுப் படுத்துக்கொள்கிறாள். ஆயாவிடம் சொன்னேன். ஆயா மேலே பார்த்து, "அது அப்படித்தான்" என்றார். இந்தக் கட்டடத்தில் பாதிக் கேள்விக்கு அதுதான் பதில்.

மார்ச் 9

இன்று ஒரு புது சிஸ்டர் வந்தார். இவர் ஊசி போடுகிறவர் இல்லை. ஆஸ்பத்திரிக்குள் கிருமி எங்கே இருக்கிறது, எப்படிப் பரவுகிறது என்று பார்ப்பதுதான் வேலையாம். அதாவது யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்க்கிற வேலை. அதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள். நான் இத்தனை வருஷமாக இலவசமாகச் செய்து வந்திருக்கிறேன்.

கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடித் தட்டு. அதில் ரத்தச் சிவப்பில் ஜெல்லி மாதிரி ஏதோ உறைந்திருந்தது. மேலே ஒரு மூடி.

"நாளைக்கு ஒவ்வொரு கட்டில் பக்கத்துலயும் ஒண்ணு வைப்பேன். மூடியைத் திறந்து ஒரு மணி நேரம் சும்மா விட்டுடணும். காத்துல இருக்கிற கிருமி தானா அதுல விழும். அப்புறம் லேப்ல சூடா வச்சிருந்தா ஒவ்வொண்ணும் பெருகிப் பொட்டுப் பொட்டாத் தெரியும். எண்ணிடலாம்."

"எதுக்கு சிஸ்டர்?" என்றாள் ஸ்கூட்டர் தங்கை.

"ஏசி குழாயெல்லாம் சுத்தம் பண்ணணும்னு ரொம்ப நாளா கேட்டுட்டிருக்கேன். எந்த வார்டு காத்து மோசமோ அங்கேயிருந்து ஆரம்பிக்கலாம்னு நிர்வாகத்துல சொல்லியிருக்காங்க. எதிர்ல ஆம்பளைங்க வார்டுலயும் நாளைக்கே வைக்கிறோம்."

இதில் எல்லாமே தெளிவாக இருந்தது. எந்த வார்டு மோசமோ அங்கே முதலில் வேலை. எங்கள் வார்டில் ஆறு பேரும் கேட்டோம். ஆறு பேர் காதிலும் விழுந்தது ஒன்றே ஒன்று: ஆம்பளைங்க வார்டு.

சிஸ்டர் வெளியே போனதும் ஹெட்மிஸ்ட்ரஸ் தொண்டையைச் செருமினார். "அவங்க வார்டைப் பாத்திருக்கீங்களா? கட்டிலுக்கு அடியில துண்டு, ஜன்னல்ல பனியன். அவங்களைவிட நம்ம வார்டு மோசம்னு வந்தா வெளிய தலை காட்ட முடியாது."

"நாம எங்க டீச்சர் தலை காட்டுறோம், காலே காட்ட முடியலை" என்றேன்.

"நீ சும்மா இரு. நாளைக்கு யாரும் தும்மக் கூடாது."

கொட்டாவி அம்மா பயந்து வாயைப் பொத்திக்கொண்டார்.

மார்ச் 10

பரீட்சை நாள். ஹெட்மிஸ்ட்ரஸ் உத்தரவுப்படி காலையிலேயே எல்லாரும் முகம் கழுவி, தலைவாரி, போர்வையை உதறாமல் மடித்தோம். பார்வையாளர் யாரும் வரக் கூடாதென்று சொல்லி அனுப்பியாயிற்று. கிருமிக்கும் தலை வாரியதற்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. நானும் வாரிக்கொண்டேன்.

சிஸ்டர் வந்து தட்டுகளை வைத்தார். ஒவ்வொரு கட்டில் பக்கத்து முக்காலியிலும் ஒன்று. மூடியைத் திறந்து பக்கத்திலேயே கவிழ்த்து வைத்தார். எனக்கும் தையல்காரிக்கும் நடுவில் இரண்டு முக்காலி, இரண்டு தட்டு. "தொடாதீங்க, மேல குனிஞ்சு பேசாதீங்க" என்று சொல்லி, என்னை மட்டும் ஒரு தடவை தனியாகப் பார்த்துவிட்டு எதிர் வார்டுக்குப் போனார்.

வார்டில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. எனக்கு அந்த மாதிரி அமைதி ஒத்துக்கொள்வதில்லை.

தையல்காரி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாகச் சொன்னாள், "என் தட்டுலதான் அக்கா நிறைய வரும்."

"ஏன்டி?"

"என் புண்ணுலேர்ந்துதானே வாடை வருது. எல்லார் முன்னாலயும் எண்ணிச் சொல்லுவாங்க இல்ல? இவளாலதான் வார்டே கெட்டுச்சுன்னு ஆகிடும். எங்க நாத்தனார் ஏற்கெனவே சொல்லிட்டுத் திரியுறாங்க, இவளுக்குச் சுத்தம் போதாது, அதான் ஆறலைன்னு."

அவள் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. நான் என்ன செய்தேன் என்றால் — கை எட்டும் தூரம்தானே — அவள் தட்டுக்குப் பக்கத்தில் இருந்த மூடியை எடுத்து அதன் தலையில் வைத்துவிட்டேன். அழகாகப் பொருந்தியது. அவள் "ஐயோ அக்கா" என்றாள். "உஷ்" என்றேன். சிஸ்டர் செருப்புச் சத்தம் கேட்டதும் திரும்ப எடுத்துப் பக்கத்தில் வைத்தேன்.

அப்புறம் என் தட்டு மட்டும் திறந்து கிடந்தால் என்னை என்ன நினைப்பார்கள் என்று தோன்றியதால், நடுவிலேயே அதையும் மூடியிருந்தேன். அதை இங்கே எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன். நாட்குறிப்பிடமே பொய் சொன்னால் வேறு யாரிடம்தான் உண்மை பேசுவது?

மார்ச் 11

லேப்பில் தட்டுகள் வளர்ந்துகொண்டிருக்கின்றன. இங்கே ஹெட்மிஸ்ட்ரஸுக்கு ஜன்னி கண்ட மாதிரி இருக்கிறது. ரிசல்ட் எப்போது, ரிசல்ட் எப்போது.

மார்ச் 13

முதலிடம்.

ஆஸ்பத்திரியிலேயே சுத்தமான காற்று பெண்கள் எலும்பு வார்டில்தானாம். ஆண்கள் வார்டு கடைசிக்கு முந்தின இடம். நிர்வாக அதிகாரி தானே நேரில் வந்து, பாராட்டு எழுதிய தாளை வாசல் கதவில் ஒட்டச் சொன்னார். ஹெட்மிஸ்ட்ரஸ் வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று நன்றியுரை வழங்கினார். எதிர் வார்டிலிருந்து சக்கர நாற்காலியில் ஒருவர் வந்து நோட்டீஸைப் படித்துவிட்டுச் சக்கரத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அந்தக் காட்சியைப் பார்க்க இன்னொரு காலையும் உடைத்துக்கொள்ளலாம்.

"ரெண்டு மூணு தட்டுல ஒரு பொட்டுகூட இல்ல" என்றார் அதிகாரி. "அதிலயும் அந்த ஏசிக்குக் கீழே இருக்கிற கட்டில், சுத்தமா பூஜ்யம்."

தையல்காரி என்னைப் பார்த்துச் சிரித்தாள். வந்ததிலிருந்து இன்றுதான் அவள் பல்லைப் பார்த்தேன்.

கிருமி சிஸ்டர் மட்டும் கைதட்டவில்லை. தாளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மார்ச் 14

சந்தோஷம் ஒரு நாள்கூட ஓடவில்லை.

காலை ரவுண்ட்ஸ். சின்ன டாக்டர் தையல்காரியின் கட்டைப் பிரித்துப் பார்த்து, நல்ல மனதோடுதான் சொன்னார். "காத்துல ஒண்ணும் இல்லைன்னு ரிப்போர்ட் வந்திருச்சும்மா. உங்க கட்டில் பக்கத்துல பூஜ்யம். அப்ப வெளியேருந்து வரலை. நீங்கதான் இன்னும் கொஞ்சம் சுத்தமா வச்சுக்கணும்."

அவள் தலையாட்டினாள்.

மத்தியானம் நாத்தனார் வந்தார். வாசலில் நோட்டீஸைப் படித்தார். "ஆஸ்பத்திரி சுத்தமா இருக்காம். அப்ப யாரால ஆறலையாம்?" என்று பொதுவாகக் கூரையைப் பார்த்துக் கேட்டார். கூரையிலிருந்து ஏசி ஒரு சொட்டு விட்டது. அது அந்த அம்மாள்மேல் விழுந்திருக்கலாம். தையல்காரி போர்வையில் விழுந்தது.

ஏசி சுத்தம் செய்கிற வேலை எங்கள் வார்டுக்கு இப்போதைக்குக் கிடையாது என்று ஆயா சொன்னார். மோசமான வார்டுகள் முடிந்து, கடைசியில்தானாம். அடுத்த மாதமோ, அதற்கு அடுத்த மாதமோ.

தையல்காரி இன்று எத்தனை தடவை கை கழுவினாள் என்று தெரியவில்லை. கிண்ணத்தில் தண்ணீர் கேட்பாள், கழுவுவாள், திரும்பக் கேட்பாள். விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கிவிட்டது.

அவள் மானத்தைக் காப்பாற்றத்தான் மூடினேன். மூடிய கை, குற்றத்தை நேராக அவள் தலையில் வைத்துவிட்டது. இதைவிடத் துல்லியமாக நான் திட்டம் போட்டிருந்தால்கூடச் செய்திருக்க முடியாது.

மார்ச் 15

சொல்லிவிட வேண்டும். யாரிடம்? எப்படி? சொன்னால் ஹெட்மிஸ்ட்ரஸ் என்னை உயிரோடு விடுவாரா?

மார்ச் 16

நேராகச் சொல்லாமல் உண்மையை ஊருக்குத் தெரிவிக்கிற கலையில் எனக்குத் தேர்ச்சி உண்டு. ஆயா பெருக்க வந்தபோது கூப்பிட்டேன். "யாரோ தட்டை மூடி வச்சுட்டாங்கன்னு பேசிக்கிறாங்களே, உண்மையா?"

"எந்தத் தட்டு?"

"அதான், கிருமித் தட்டு. நான் சொன்னேன்னு சொல்லிடாதே."

ஆயாவின் துடைப்பம் அதற்குப்பிறகு பாதி வார்டைப் பெருக்கவில்லை. நேரே வெளியே போய்விட்டார். வேலை நடக்கிறது என்று நிம்மதியாகக் கண்ணை மூடினேன். சாயங்காலத்துக்குள் விஷயம் அதிகாரி காதுக்குப் போகும், மறுபடி தட்டு வைப்பார்கள், என் பெயர் எங்கேயும் வராது.

மார்ச் 18

வீட்டுக்காரர் வந்தார். ஆச்சரியம், அவராகவே வாயைத் திறந்தார்.

"கீழ டீ குடிக்கிற இடத்துல ஒரு பேச்சு. உங்க வார்டுல அந்த சிஸ்டர் தட்டே வைக்கலையாம். வைக்காமலே வச்சதா எழுதிட்டாங்களாம். பெரிய விசாரணையாம்."

நான் பெற்று அனுப்பிய வதந்தி, இரண்டே நாளில் மீசை தாடியெல்லாம் முளைத்துத் திரும்பி வந்திருக்கிறது. முகஜாடை மட்டும் என்னுடையதுதான்.

"அப்படியெல்லாம் இல்லீங்க. வச்சாங்க. நான்தான்..." என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். கையிலிருந்த பேப்பரை நாலாக மடித்தார். "வாயைத் திறக்க வேண்டிய இடத்துல மூடியிருக்கே. தட்டையும் சேத்து" என்றார். "சொல்லிடு. நீ சொன்னா நம்புவாங்க. இவ்வளவு கேவலமா யாரும் கற்பனை பண்ண முடியாது."

இதை ஆறுதல் என்று எடுத்துக்கொள்வதா?

மார்ச் 19

கிருமி சிஸ்டர் காலையில் வந்தார். கண் சிவந்திருந்தது. விளக்கம் கேட்டு எழுத்தில் கொடுத்திருக்கிறார்களாம். தட்டு வைத்த நேரம் யார் பார்த்தார்கள் என்று எங்களைக் கேட்க வந்திருந்தார்.

"சிஸ்டர், ஒரு நிமிஷம் இங்க வாங்க" என்றேன். "தட்டு வச்சீங்க. நாங்க எல்லாரும் பாத்தோம். நீங்க அந்தப் பக்கம் போனதும் நான் மூடிட்டேன். என்னோடதையும், இவளோடதையும். நீங்க வர்ற சத்தம் கேட்டுத் திறந்து வச்சேன்."

தையல்காரி உடனே எழ முயன்றாள். "இல்ல சிஸ்டர், அக்காமேல தப்பில்ல, நான்தான் பயந்தேன்..."

சிஸ்டர் என்னைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அதற்குள் எதிர்ப்பக்கமிருந்து ஸ்கூட்டர் அக்காவின் குரல். "நாங்களும் மூடினோம்."

"நான் பாதிதான் மூடினேன்" என்றாள் தங்கை. "இவதான் முழுசா மூடுன்னா."

"அன்னைக்கு வண்டியும் இவதான் ஓட்டினா சிஸ்டர்" என்றாள் அக்கா.

மூலையிலிருந்து கொட்டாவி அம்மா: "எனக்குக் கொட்டாவி வந்துடுமோன்னு பயம். முந்தானையைப் போட்டு மூடிட்டேன்."

எல்லாரும் ஹெட்மிஸ்ட்ரஸைப் பார்த்தோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். "நான் மூடியைத் தொடவே இல்லை" என்றார். "குறுக்கெழுத்துப் புத்தகத்தை மேல வச்சேன். ரெண்டும் வேற."

சிஸ்டர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை. சிரிப்புதான்.

"லேப் டாக்டர் அன்னைக்கே சொன்னார். ஆறு பேர் படுத்திருக்கிற வார்டுல இப்படி வராது, ஆபரேஷன் தியேட்டர்லயே இவ்வளவு சுத்தம் கஷ்டம், எங்கயோ தப்பு நடந்திருக்குன்னு. நான்தான் சண்டை போட்டேன். பொம்பளைங்க வார்டு சார், சுத்தமாத்தான் இருக்கும்னு."

அதைக் கேட்டபோதுதான் எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

பிறகு அதிகாரியைக் கூப்பிட்டார்கள். நான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். அவர் கவலை வேறாக இருந்தது. "நோட்டீஸ் வேற ஒட்டியாச்சே."

ஹெட்மிஸ்ட்ரஸ் வாக்கரை ஊன்றி எழுந்தார். வாசலுக்கு நடந்தார். வேகமாக நடக்கிறவர் இல்லை, எல்லாரும் காத்திருந்தோம். தாளின் மேல் முனையைப் பிடித்து ஒரே இழுப்பாகக் கிழித்து, அதிகாரி கையில் கொடுத்தார். "இந்த வார்டுக்கு நான் பொறுப்பு. மறுபரீட்சை வைங்க."

யாரும் அவரைப் பொறுப்பாகப் போடவில்லை. ஆனால் அந்த நேரத்தில் யாருக்கும் அதைச் சொல்லத் தோன்றவில்லை.

மார்ச் 20

மறுபரீட்சை. இந்தத் தடவை ஒரு மாற்றம், அதில் எனக்கும் பங்கு உண்டு.

சிஸ்டர் தட்டுகளோடு வந்தபோது தையல்காரி மறுபடியும் வெளுத்துப் போனாள். நான் சிஸ்டரைக் கேட்டேன். "இவ பக்கத்துல வச்ச தட்டுல நிறைய வந்தா, ஏசியால வந்துச்சா இவளால வந்துச்சான்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"ஒரு வீட்ல தினமும் சண்டைன்னு வைங்க. மாமியாராலயா மருமகளாலயா? யாராவது ஒருத்தரை ஊருக்கு அனுப்பிட்டு, அப்பவும் சத்தம் வருதான்னு கேக்கணும். நான் அப்படித்தான் கண்டுபிடிப்பேன்."

சிஸ்டர் என்னைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தார், அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. "அதைத்தான் நானும் செய்யப் போறேன். கட்டிலைத் தள்ள ஆள் வரச் சொல்லியிருக்கேன்."

தையல்காரியைக் கட்டிலோடு ஜன்னல் ஓரத்துக்குத் தள்ளினார்கள். ஏசி வாய்க்குக் கீழே கட்டில் இல்லை, ஆள் இல்லை, வெறும் முக்காலி, அதன்மேல் திறந்த தட்டு. அவள் போன இடத்தில் அவள் பக்கத்தில் ஒன்று. மற்றவர்களுக்கு வழக்கம்போல. பார்வையாளர்களை உள்ளே விடச் சொன்னார்கள், ஏசியை ஓடவிடச் சொன்னார்கள், எப்போதும் போல இருக்கச் சொன்னார்கள்.

ஹெட்மிஸ்ட்ரஸ் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு தட்டாகக் கண்காணித்தார். ஸ்கூட்டர் தங்கை போர்வையை இழுத்தபோது, "கையை எடு தட்டுகிட்டேர்ந்து" என்று ஒரு அதட்டல். கொட்டாவி அம்மாவுக்கு வாழ்க்கையில் முதல்முறையாகக் கொட்டாவி விட அனுமதி கிடைத்தது. பதற்றத்தில் அவருக்கு வரவேயில்லை.

மார்ச் 22

சிஸ்டர் தட்டுகளை டேப் ஒட்டி மூடி, கொண்டுவந்தே காட்டினார்.

ஏசிக்குக் கீழே வைத்த தட்டில் இடமே இல்லை. வெள்ளை, மஞ்சள், பழுப்பு, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கிடந்தது. எண்ண முடியவில்லையாம். ஆளே இல்லாத இடம். ஜன்னல் ஓரத்தில், தையல்காரி பக்கத்தில் வைத்ததில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கொஞ்சம் பொட்டு.

அவள் அந்த இரண்டு தட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "இதுதான் என்னோடதா சிஸ்டர்? நிச்சயமா?" அடியில் ஒட்டிய சீட்டைக் காட்டச் சொல்லிப் பார்த்தாள். துணி மாறிவிடக் கூடாதென்று அளவுச் சீட்டைப் பார்க்கிற பழக்கம்.

"அப்ப நான் இல்ல" என்றாள். யாரிடமும் சொல்லவில்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். "ரெண்டாவது இடம் யாருக்கு?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"உங்களுக்குத்தான்" என்றார் சிஸ்டர். "பேசப் பேச வாயிலேருந்தும் விழும்மா. இந்தத் தட்டுல நீங்க ஒரு மணி நேரம் பேசினது அப்படியே இருக்கு."

எதிர் வார்டு வரை சிரிப்புக் கேட்டிருக்கும்.

மார்ச் 23

ஏசி மெக்கானிக் வந்தார். எங்களையெல்லாம் பக்கத்து வார்டுகளுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். எடைக்கல், கயிறு, சக்கரம் சகிதம் நான் ஆண்கள் வார்டு வாசலில் கொஞ்ச நேரம் நிறுத்தப்பட்டேன். ஜன்னலில் பனியன் உண்மைதான்.

கம்பித் தடுப்பைக் கழற்றியதும் மெக்கானிக் போட்ட சத்தம் வராந்தா வரை கேட்டது. "சிஸ்டர், இதை ஃபில்டர்னு சொல்றதா கம்பளின்னு சொல்றதா?" ஈரமும் தூசியும் சேர்ந்து, விரல் தடிமனுக்குக் கறுத்து, பூஞ்சணம் பூத்து, சுருட்டி எடுக்க வந்ததாம். தண்ணீர் வெளியே போகிற குழாய் அடைத்து, உள்ளே குளமாக நின்றிருக்கிறது. அந்தக் குளத்தைத் தொட்டு வந்த காற்றைத்தான் அவள் இத்தனை வாரமும் தலைக்குமேலே வாங்கிக்கொண்டிருந்தாள்.

லேப் டாக்டரும் வந்து பார்த்தார். தையல்காரி புண்ணில் இருந்த வகைக் கிருமியே அந்தத் தண்ணீரிலும் இருக்கிறதாம். "அதுக்காக இங்கேருந்துதான் போச்சுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார். இவ்வளவு ஆதாரம் கையில் இருந்தும் அடித்துச் சொல்லாத ஒரு மனிதர். எனக்கு இதில் கால்வாசி இருந்தால் போதும், மூன்று குடும்பத்தைப் பிரித்திருப்பேன்.

மார்ச் 24

நாத்தனார் வந்தார். வாசலில் நோட்டீஸ் இல்லை. மெக்கானிக் விட்டுப்போன கறுப்புச் சுருளை ஹெட்மிஸ்ட்ரஸ் ஒரு பையில் போட்டு வைத்திருந்தார், எடுத்துக் காட்டினார். நீளமாக ஒரு பாடமும் நடத்தினார். நாத்தனார் கடைசிவரை நின்றே கேட்டார். உட்கார அனுமதி கொடுக்கவில்லை.

மார்ச் 28

பெரிய டாக்டர் தையல்காரியின் கட்டைப் பிரித்தார். நான் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

"ம்" என்றார். அப்புறம் எதையோ அழுத்திப் பார்த்தார் போலிருக்கிறது, அவள் "ஸ்" என்றாள். "குறைஞ்சிருக்கு. திறக்கிறது இப்ப வேண்டாம். இன்னும் ஒரு வாரம் இதே மருந்து ஓடட்டும்."

அவர் போன பிறகு தையல்காரி கை கழுவத் தண்ணீர் கேட்கவில்லை.

ஏப்ரல் 4

தையல்காரியின் கட்டுத்துணியில் பொட்டு ஈரம் இல்லை. தகடு உள்ளேயே இருக்கும்.

ஏப்ரல் 7

ஜன்னல் ஓரத்துக்குப் போனதிலிருந்து தையல்காரி ஆளே மாறிவிட்டாள். நேற்று சாப்பாட்டில் உப்பு இல்லை என்று திருப்பி அனுப்பினாள். முந்தாநாள் நாத்தனாரிடம் போனில், "நான் வந்து பாத்துக்கிறேன், நீங்க என் மெஷினைத் தொடாதீங்க" என்று சத்தமாகவே சொன்னாள். வந்த புதிதில் ஊசி போடுகிறவரிடம்கூட மன்னிப்புக் கேட்டவள்.

இன்று சாயங்காலம் வாக்கரோடு நாலடி நடந்து என் கட்டிலுக்கு வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காதீங்க."

"சொல்லு."

"நீங்க ராத்திரியில குறட்டை விடுறீங்க. சின்னதா இல்ல. முதல் நாள்லேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல. ஒருக்களிச்சுப் படுங்க, இல்லன்னா டாக்டர்கிட்ட சொல்லுவேன்."

என் காலில் எடைக்கல் கட்டியிருக்கிறது, எப்படி ஒருக்களிப்பது என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"இவ்வளவு நாளா ஏன்டி சொல்லலை?"

"என் வாடையை வச்சுக்கிட்டு உங்களை எப்படிக் குறை சொல்றது?" என்றாள். "இப்பதான் எனக்கு வாடை இல்லையே."